செருப்புக்குள் இருந்த டயர்

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளைப் பார்த்து வளரும் பையன்களுக்குப் பொம்மை லாரி செய்யச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேய்ந்த ரப்பர் செருப்பின்மேல் பாட்டில் மூடியை வைத்து வட்டம் போட்டு, பிளேடால் அறுத்து, நடுவில் துளையிட்டு, சைக்கிள் போக்ஸ் கம்பியைச் செருகினால் டயர் தயார்.

அந்த டயர் செருப்புக்குள் முன்பே இருந்ததா?

இருந்தது என்கிறது சைவ சித்தாந்தம். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் தந்த சிவஞானபோதத்தின் வழிவந்த மரபு, இல்லாதது தோன்றாது என்னும் சற்காரியவாதத்தை ஏற்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். பையனின் பட்டறையில் ரப்பர், பிளேடு, பையன். உலகுக்கோ மாயை, சக்தி, சிவன்.

நியாயத் தத்துவ மரபினரான நையாயிகர் ஒப்பமாட்டார். ஏற்கெனவே இருந்த டயருக்குப் பிளேடு எதற்கு என்பார். கூர்மையான கேள்விதான். மறைந்திருந்தது வெளிப்பட்டது என்பது சித்தாந்தியின் பதில்.

அப்படியானால் அதே செருப்பில் தக்கையும் இருந்திருக்கும், கதவுக்கு வைக்கும் முட்டும் இருந்திருக்கும். அவற்றை விட்டு டயரை எடுத்தவன் பையன். ரப்பருக்கு அந்தத் தேர்வு தெரியாது. சடப்பொருள் தானாக உலகாகாது, அறிவுள்ள கருத்தா வேண்டும் என்று சித்தாந்தம் வாதிடுவதும் இதனால்தான். சற்காரியவாதத்தில் உடன்வந்த சாங்கியத் தத்துவ மரபினர் இந்த இடத்தில் பிரிந்துபோகிறார்.