தீர்த்தம் தெளித்தால் மாத்திரம் போதுமா?



ஜூலை 25-ந் தேதி, அர்ச். கிறிஸ்தோப்பர் திருநாளன்று, நம் கோவில் முற்றத்தில் வாகனங்களை மந்திரிப்பது வழக்கம். சென்ற வருஷம் அந்த வரிசையில் மோட்டார் சைக்கிளோடு நின்ற ஓர் இளைஞனின் சட்டையில் கஞ்சாப் புகையின் நாற்றம் வீசிற்று. பின்னால் கூட்டம் காத்திருந்தபடியால், நான் ஒன்றும் கேளாமல் தீர்த்தம் தெளித்து அனுப்பிவிட்டேன். மூன்று வாரத்திற்குள் அவன் சுற்றுச்சாலைத் திருப்பத்தில் ஒரு பூக்காரப் பாட்டியின் மேல் மோதினான். அவள் இடுப்பெலும்பு முறிந்து, இன்றைக்கும் கோல் ஊன்றி நடக்கிறாள். பெயர் சொல்லாமல் இதை எழுதும்படி அவனே கேட்டுக்கொண்டான். என் மௌனத்துக்கும் இதில் பங்குண்டு.

"நான் குடிக்கவில்லையே சாமி, ஊதச் சொன்னாலும் மெஷினில் ஒன்றும் காட்டாதே என்றிருந்தேன்" என்றான். அநேக வாலிபர் இப்படியே மோசம்போகிறார்கள். ஊதும் கருவி மதுவை மாத்திரமே காட்டும் என்பது மெய்தான். ஆனால் 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ம் பிரிவு மதுவோடு நிற்கவில்லை. மதுவுக்கு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று எல்லை வைத்தது. மற்றப் போதைப்பொருளுக்கோ அப்படி அளவு சொல்லாமல், வண்டியை அடக்கி நடத்த இயலாத நிலையில் இருந்தாலே குற்றம் என்கிறது. போலீசார் அவனைப் பிடித்து வைத்தியரிடம் காட்டிப் பரிசோதிக்கலாம். முதல் தடவை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுதடவை 2 வருஷம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். கவனக்குறைவால் உயிர்ச்சேதம் நேர்ந்தால், 2024 ஜூலை முதல் அமலிலுள்ள நியாய சன்ஹிதையின்படி 5 வருஷம் வரை சிறை. இன்சூரன்ஸ் கம்பெனியும் பொறுப்பேற்க மறுக்கலாம். அப்போது நஷ்டஈடு குடும்பத்தின் தலையில் விழும். இது தவிர, கஞ்சா புகைப்பதே 1985-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம்.

குடித்தவன் தள்ளாடுவான்; பார்த்தவர் சாவியைப் பிடுங்குவார்கள். கஞ்சா புகைத்தவனோ நிதானமாயிருப்பதுபோல் தோன்றுவான். ஆனால் தூரமும் நேரமும் அவன் கணக்கில் தப்பும். பிரேக்கை மிதிக்கப் பிந்துவான். நேர்கோட்டில் ஓட்டவும் தடுமாறுவான். புகைத்துச் சில மணி நேரம் வரை இந்த மயக்கம் நிற்கும். மதுவும் சேர்ந்தாலோ கேடு இன்னும் அதிகம்.

பிரியமானவர்களே, ஐந்தாம் கற்பனை கத்தி எடுப்பவனுக்கு மாத்திரம் கொடுக்கப்பட்டதல்ல. பிறர் உயிருக்கு அபாயம் வருமென்று அறிந்தும் துணிகிறவனையும் அது கட்டும். அர்ச். கிறிஸ்தோப்பர் குழந்தை சேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தார் என்று நம் பெரியோர் சொல்லுவார்கள். பின்னிருக்கையில் தங்கையையோ தாயையோ ஏற்றிச் செல்லும் ஒவ்வொருவனும் அப்படியே ஒரு பாரம் சுமக்கிறான். ரஸ்தாவில் எதிரே வருகிறவனும் அவனிடம் ஒப்படைக்கப்பட்டவனே.

தாய் தகப்பன்மாரே, 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்து அவன் குற்றம் செய்தால், உங்களுக்கே 3 வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வளர்ந்த பிள்ளையிடமும் சந்தேகமிருந்தால் சாவியை வாங்கி வையுங்கள். அடித்துத் துரத்தினால் அவன் பழைய கூட்டத்துக்கே போவான். அருகே உட்கார்ந்து கேளுங்கள். நம் மதுரை இராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநல வைத்தியர்கள் இருக்கிறார்கள். 14446 என்ற எண்ணில் போனிலும் ஆலோசனை கிடைக்கும். அடிமைப்பட்டவன் தானாகச் சிகிச்சைக்கு முன்வந்து அதை முடித்தால், புகைத்த குற்றத்துக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கவும் 1985-ம் வருஷத்துச் சட்டத்தில் இடமுண்டு.

அந்த இளைஞன் இப்போது சிகிச்சையில் இருக்கிறான். ஞாயிறுதோறும் பாட்டி வீட்டுக்குத் தண்ணீர்க் குடம் சுமந்து கொடுக்கிறான். இவ்வருஷம் மந்திரிப்புக்கு வருகிறவர்களை நான் முதலில் ஒரு கேள்வி கேட்பேன். கோபிக்கவேண்டாம். பதில் சரியாயிருந்தால் தீர்த்தம் தெளிப்பேன்.

உங்கள் ஆத்தும நன்மையை நாடும்
பங்குச் சுவாமியார்