சான்றிதழ் பேசினால் வியாபாரி பேச வேண்டாமா?

மகளின் நிக்காஹுக்கு வைரத்தோடு வாங்க ஒரு தகப்பனார் கடைக்கு வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். வியாபாரி தோட்டையும் அதற்குரிய சான்றிதழையும் முன்னே வைக்கிறார். கல் பூமியில் விளைந்ததன்று, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்டது என்று அதன் ஓரத்தில் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. தகப்பனாருக்கு ஆங்கிலம் தெரியாது. வியாபாரி பொய் சொல்லவில்லை; வாய் திறக்கவுமில்லை. அவர் கடமை தீர்ந்துவிட்டதா?

முத்தும் மணியும் விற்றுப் பேரெடுத்த காயல்பட்டினத்திற்கும் கீழக்கரைக்கும் இக்கேள்வி புதிதன்று. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அன்று சிப்பிகள் திறக்கப்படாமலே, ஆயிரம் இன்ன விலையென்று ஏலம் போயின. உள்ளே முத்து உண்டா என்பது இருவருக்குமே தெரியாது. எடுத்த முத்துக்களையோ பித்தளைச் சல்லடைகளில் சலித்துப் பருமன் பிரித்தார்கள். உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணிமுத்து முதலாகத் தரம் வகுத்தார்கள்.

பின்னர் 1973-ல் தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். அதையும் இயற்கை முத்தையும் வெறுங்கண்ணால் பிரிப்பது அரிது, எக்ஸ்ரே வேண்டும். வைரமும் அவ்வாறே. எடை, நிறம், தெளிவு, வெட்டு என்னும் நான்கிலும் இருவகைக் கற்களும் ஒத்திருக்கலாம். விலையிலோ பெரும் வித்தியாசம்!

முக்குளிப்பவர் அடுத்த முழுக்கில் எடுக்கப்போவதை முன்கூட்டியே விற்பதை ஃபிக்ஹு நூல்கள் விலக்குகின்றன. இருவரும் அறியாததை விற்பதே கூடாதென்றால், ஒருவர் அறிந்து மறைப்பது எங்ஙனம் கூடும்?

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஈரத்தைக் கண்டார்கள். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள். வாங்குபவர் எவரும் கையை விட்டுப் பார்த்திருக்கலாமே என்ற சமாதானம் அங்கே செல்லவில்லை. சான்றிதழின் ஓரத்து எழுத்தும் குவியலின் அடியிலிருந்த ஈரமும் ஒன்றே.

வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு. இயற்கையா, வளர்ப்பா? கல்லில் ஏதேனும் வேலை செய்யப்பட்டதா? விளிம்பில் எண் பொறித்திருந்தால் அது சான்றிதழோடு பொருந்துகிறதா? இவற்றை விலை பேசுமுன் கேட்கவேண்டும். ஆனால் அவர் கேளாதது, விற்பவர் மறைப்பதற்கு அனுமதியாகாது. மறைந்த குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையையும் ஷரீஅத் அவருக்கு அளித்திருக்கிறது.

சான்றிதழ் கல்லின் தரத்தைச் சொல்லும். நம் தரத்தைச் சொல்வது நம் நாவு. வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.