ஆறுதலும் உண்மையும்: மகவேற்புப் பிள்ளைகளின் கோடை முகாம் எழுப்பும் ஓர் அறவினா

அறவியல் நூல்கள் பொய்யுரைத்தலை ஆராயும்போது பெரும்பாலும் அசாதாரணமான நிலைமைகளையே எடுத்துக்காட்டாகக் கொள்கின்றன. கொலைகாரன் ஒருவன் வாயிலில் வந்துநின்று, வீட்டினுள் ஒளிந்திருக்கும் நண்பன் எங்கே என வினவினால் அவனுக்கும் உண்மையே சொல்லவேண்டுமா என்பது, இமானுவல் கான்ற் 1797ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையொன்றில் எடுத்துக்கொண்ட பிரச்சினை. சொல்லவேண்டும் என்பது அவர் முடிவு. 1983 ஜூலையில் இந்த வினாவுக்கு மெய்யாகவே முகங்கொடுத்த வீடுகள் நம் நாட்டில் இருந்தன. அயலவரை உள்ளே மறைத்துவைத்துக்கொண்டு, வாயிலில் நின்று பொய் சொன்னவர்களை இன்று எவரும் பழிப்பதில்லை. அத்தகைய நிலைமையில் வினா கொடியதாயினும் விடை தெளிவாகவே இருக்கின்றது. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அதனினும் மிகச் சிறிய ஒரு வினாவை. விடை காண்பது அதனினும் கடினம்.

ஐக்கிய அமெரிக்காவில் மகவேற்புப் பிள்ளைகளுக்கெனக் கோடை முகாம்கள் நடத்தப்படுகின்றன. அங்கே, விளக்கணைத்த பின்னர், ஒன்பது வயதுப் பிள்ளையொன்று தன் குடிலிலே துணையாகப் படுத்திருக்கும் இருபது வயது வழிகாட்டியிடம் இவ்வாறு கேட்கின்றது என வைத்துக்கொள்வோம்: "என்னுடைய அம்மா என்னை ஏன் கொடுத்தாள்?"

இம்முகாம்கள் தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாகவேனும் கூறாது மேற்செல்ல இயலாது. 1950 முதல் 1953 வரை நடந்த கொரிய யுத்தத்தின் பின்னர், ஒறிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹரி ஹோல்ற், பேர்த்தா ஹோல்ற் தம்பதியினர் 1955இல் எட்டுக் கொரியப் பிள்ளைகளை மகவேற்றனர். அவர்கள் தொடங்கிய முயற்சி நிறுவனமாக வளர்ந்தது. வேறு நிறுவனங்களும் தோன்றின. யுத்தம் முடிந்து நாடு செழித்த பின்னரும் பிள்ளைகள் அனுப்பப்படுவது நிற்கவில்லை. 1985ஆம் ஆண்டில் மட்டும் 8,800க்கு மேற்பட்டோர் அனுப்பப்பட்டனர். மொத்தத் தொகை ஏறத்தாழ 200,000 என்பர். அவர்களிற் பெரும்பாலோர் அமெரிக்காவின் வெள்ளையினக் குடும்பங்களில், தம்மைப் போன்ற முகமுடைய இன்னொருவரைக் காணாத ஊர்களில் வளர்ந்தனர். 1970களின் பிற்பகுதியிலிருந்து பெற்றோர் சங்கங்களும் மகவேற்பு நிறுவனங்களும் இப்பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் முகாம்களை நடத்தத் தலைப்பட்டன. 1992இன் பின் சீனத்துப் பிள்ளைகளும் பெருந்தொகையாக வந்தனர். 2024இல் சீன அரசு வெளிநாட்டு மகவேற்பை நிறுத்திக்கொள்ளும் வரை 160,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் அந்நாட்டிலிருந்து வெளியே சென்றனர்.

முகாம்களிலே கொரிய எழுத்துக்கள் சொல்லிக்கொடுப்பர். விசிறி நடனம், ரேக்வொண்டோ, கிம்சி செய்யும் முறை முதலியன இடம்பெறும். ஒரு வாரத்திற் கற்பிக்கப்படும் பண்பாடு பண்பாடாகுமா என்று எள்ளி நகையாடுவோர் உளர். நம்மவர் வெளிநாடுகளில் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளைப் பற்றியும் இதே ஏளனத்தைக் கேட்டிருக்கின்றோம். ஆனால், முகாமின் பயன் கிம்சியில் இல்லை என்பதே என் கருத்து. ஆண்டு முழுவதும் "நீ எந்த நாடு?" என்று கேட்கப்படும் பிள்ளை, அவ்வினாவை எவரும் கேட்காத ஓரிடத்தில் ஏழு நாள் உறங்கி எழுகின்றது. அது சிறிய விடயமன்று.

முகாமின் வழிகாட்டி உளவியல் வைத்தியருமல்லர், ஆசிரியருமல்லர். பல்கலைக்கழகத்திற் படிக்கும் வயதினர், நம் வயதினர். பிள்ளைகளை எழுப்புவது, நீந்துமிடத்துக்கு அழைத்துச் செல்வது, வீட்டு நினைவில் அழுபவரைத் தேற்றுவது ஆகியன அவர் வேலை. பல முகாம்களில் வழிகாட்டிகளும் மகவேற்பில் வளர்ந்தவர்களாகவே இருத்தல் வேண்டும் என்று விதிப்பர். ஹோல்ற் நிறுவனம் 1980களில் ஆரம்பித்த முகாமும் அத்தகையதே. ஆகையால் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கேட்கத் துணியாத வினாவைப் பிள்ளை இவரிடம் கேட்கின்றது.

வழக்கிலுள்ள விடை ஒன்றுண்டு. "உன் தாய் உன்மீது கொண்ட பேரன்பினாலேதான் உன்னைக் கொடுத்தாள், உனக்கு நல்வாழ்வு கிடைக்கவேண்டும் என்று நினைத்தாள்" என்பது அது. மகவேற்புப் பெற்றோர் பலரும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த விடை. கனிவானது; கேட்போர் நெஞ்சை ஆற்றுவது. அதனைச் சொல்வதில் என்ன தவறு?

முதலாவது தவறு, அது சான்றில்லாத கூற்று என்பது. சொல்பவர் அந்தத் தாயைக் கண்டதில்லை. சீனத்திலிருந்து வந்த பிள்ளையாயின், அதனுடைய ஆவணத்தில் பெரும்பாலும் அது கண்டெடுக்கப்பட்ட இடமும் நாளும் மட்டுமே இருக்கும். எழுதியவர் தாயை அறியார். அன்பு இருந்திருக்கலாம், வறுமை, குடும்பத்தாரின் வற்புறுத்தல், அரசின் ஒரு பிள்ளைக் கொள்கை, விவாகமின்றிப் பெற்றவள் என்ற அவச்சொல் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்திருக்கலாம். இவற்றையெல்லாம் அன்பு என்ற ஒரே சொல்லால் மூடும்போது, தாயின்மீது இழைக்கப்பட்டது எதுவோ அதுவும் மூடப்படுகின்றது. இரண்டாவது தவறு பிள்ளையின் தருக்கத்தில் வெளிப்படும். பிள்ளைகள் நம்மிலும் கண்டிப்பான தருக்கவாதிகள். அன்பு கொண்டவர் கொடுத்துவிடுவர் என்றால், இப்பொழுது அன்பு காட்டும் பெற்றோரும் ஒருநாள் கொடுத்துவிடுவரோ என்று நினைக்க ஒன்பது வயது போதும்.

மூன்றாவது தவறு அண்மைக் காலத்திலேதான் முழுமையாகத் தெரியவந்தது. தென்கொரியாவின் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவிடம் வெளிநாடுகளில் வளர்ந்த 367 பேர் முறையிட்டனர். 2025 மார்ச்சில் அவ்வாணைக்குழு முதற்கட்டமாக 56 பேரின் மனித உரிமைகள் மீறப்பட்டன என்று அறிவித்தது. பெற்றோர் உயிருடனிருக்க அநாதையென்று பதிவு செய்யப்பட்டமை, ஒரு பிள்ளையின் அடையாளம் இன்னொரு பிள்ளைக்குச் சூட்டப்பட்டமை, தாயின் சம்மதம் உரியவாறு பெறப்படாமை ஆகியன வெளிவந்தன. ஆகவே, "அம்மா ஏன் கொடுத்தாள்?" என்ற வினாவுக்குச் சிலவேளைகளில் "அவள் கொடுக்கவேயில்லை" என்பது விடையாக இருக்கக்கூடும். அந்நிலையில் "அன்பினாற் கொடுத்தாள்" என்பது, நடந்த அநீதிக்குப் பாதிக்கப்பட்டவளையே சாட்சியாக்குவதாகும்.

இதனால் வழிகாட்டி மறுபுறம் சாய்ந்து, "உன்னைக் களவாடி வந்தனர்" என்று சொல்லலாகாது என்பது வெளிப்படை. அதற்கும் அப்பிள்ளையைப் பொறுத்தவரை சான்றில்லை. தன் சினத்தை இன்னொருவருடைய பிள்ளைப்பருவத்தில் இறக்கிவைப்பதும் ஒருவகைப் பொய்யே.

இங்கு மேலைத்தேய மெய்யியலின் பழைய பக்கமொன்று நினைவுக்கு வருகின்றது. பிளேட்டோவின் 'குடியரசு' ஏழாம் புத்தகத்திலே, செல்வக் குடும்பத்தில் தன் பெற்றோர் அல்லாதாரிடம் வளர்ந்த இளைஞன் ஒருவன் உவமையாக வருகின்றான். வளர்ந்த பின் அவர்கள் தன்னைப் பெற்றவரல்லர் என்று அறிகின்றான். பெற்றவரைக் கண்டறியவும் முடியவில்லை. அறிவதற்கு முன் பெற்றோரென்று எண்ணியவரை மதித்தவன், அறிந்த பின்னர் அவர்களைக் கைவிட்டு முகத்துதி செய்வோர் பின்னே செல்வான். இயல்பிலேயே மிக நல்லவனாயிருந்தாலன்றி இதுவே நடக்கும் என்பது சோக்கிரதர் கூற்று. உவமை வேறொரு நோக்கத்துக்காகச் சொல்லப்பட்டதென்பது உண்மைதான். ஆயினும் அதனடியில் ஓர் எடுகோள் மறைந்திருக்கின்றது: வளர்த்தவரிடம் கொள்ளும் மதிப்பு, அவர் பெற்றவர் என்ற நம்பிக்கையிலே தங்கியிருக்கின்றது என்பது அது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க மாநிலங்களிற் பெரும்பாலானவை மகவேற்கப்பட்டோரின் மூலப் பிறப்புச் சான்றிதழ்களை முத்திரையிட்டு மூடியபோது, இதே அச்சமும் அதற்கு ஒரு காரணமாயிற்று. கன்சாஸ், அலாஸ்கா ஆகிய இரு மாநிலங்களே மூடாமல் இருந்தன. அங்கே குடும்பங்கள் குலைந்துபோனதாகத் தெரியவில்லை.

நம் மரபில் இதற்கு எதிர்ச்சாட்சி கர்ணன். அவனிடம் பிறப்பின் உண்மை இருமுறை கொண்டுவரப்பட்டது. கண்ணன் அரசைக் காட்டி அழைத்தான்; குந்தி தன் ஏனைய மக்களின் உயிரை நினைந்து வந்தாள். கர்ணன் மறுத்ததற்குச் செஞ்சோற்றுக் கடனே காரணம் என்று நாம் பேச்சுப் போட்டிகளில் முழங்குவதுண்டு. வியாச பாரதத்திலோ அவன் முதலிற் சொல்வது வேறு: தன்னை எடுத்து வளர்த்த அதிரதனையும் இராதையையும் விட்டு வரமாட்டான் என்பதே அது. துரியோதனனுக்குப் பட்ட கடனை நினைவில் வைத்த நாம் இராதையை மறந்தோம். உண்மை அறிந்த பின்னரும் வளர்த்தவளின் மகனாகவே அவன் நின்றான். பிளேட்டோவின் இளைஞனுக்கு நேர்ந்தது அவனுக்கு நேரவில்லை.

கர்ணன் கதையிலிருந்து வழிகாட்டிக்குரிய இன்னொரு செய்தியும் பெறலாம். அவனுக்கு உண்மை சொன்ன இருவரும் அதனாற் பயன்பெற வந்தவர்கள். உண்மை பொய்யாகிவிடவில்லை, ஆனால் அது கறைபட்டது. ஆகவே பிறப்பைப் பற்றிப் பேசுபவர், தான் எவர் சார்பில் நின்று பேசுகின்றார் என்பதையும் தன்னைக் கேட்டுக்கொள்ளவேண்டும். முகாமை நடத்துவது சிலவேளைகளில் பிள்ளைகளை அழைத்துவந்த அதே நிறுவனம். "கொடுத்தவள் அன்பினாற் கொடுத்தாள்" என்ற விடை பிள்ளைக்கு ஆறுதலளிப்பதுடன் நிறுவனத்துக்கும் வசதியாக இருக்கின்றது. அவ்வசதியை அறியாமலே வழிகாட்டி அதற்குத் தொண்டு செய்யக்கூடும். பேச இடமளித்ததும் அந்நிறுவனங்களே என்பதையும் மறுக்கவேண்டியதில்லை.

நன்றியுணர்வு பற்றியும் ஒரு சொல். மகவேற்கப்பட்ட பிள்ளை "நீ எவ்வளவு அதிர்ஷ்டசாலி!" என்று அயலவரால் அடிக்கடி வாழ்த்தப்படுகின்றது. பெற்ற பிள்ளை சோற்றுக்கோப்பையைத் தள்ளினால் அது குறும்பு. இப்பிள்ளை தள்ளினால் நன்றிகேடு. பெற்றோர் அவ்வாறு கருதாவிடினும் பிள்ளை அவ்வாறு அஞ்சுகின்றது. முகாமில், தன் வாழ்வைப் பற்றி நன்றி சொல்லாமலே குறைகூறலாம் என்ற சுதந்திரம் அதற்குக் கிடைக்கின்றது. வழிகாட்டி அவ்விடத்தில் அவசரப்பட்டுப் பெற்றோருக்காக வாதாடுவாராயின் அச்சுதந்திரம் போய்விடும்.

அப்படியாயின் வழிகாட்டி யாது சொல்வது? "எனக்குத் தெரியாது" என்பதே மெய்யான விடை. ஆனால் இச்சொல்லைப் பரீட்சை மண்டபத்திலும் சொல்லலாம், அரச அலுவலகக் கருமபீடத்திலும் சொல்லலாம். அங்கெல்லாம் அது உரையாடலை முடித்துவைக்கும் சொல். இங்கே அது தொடக்கமாதல் வேண்டும். இவ்விடத்தில்தான் வழிகாட்டியும் மகவேற்பில் வளர்ந்தவர் என்பது பொருள் பெறுகின்றது. ஒத்த அனுபவம் அறிவைத் தருமென்று பலர் கருதுவர். நான் அவ்வாறு கருதவில்லை. 1980களிற் சோலிலிருந்து வந்த ஒருவருடைய கதையும், 2000களிற் சீனத்தின் சந்தையொன்றிற் கண்டெடுக்கப்பட்ட ஒருவருடைய கதையும் ஒன்றல்ல. "எனக்கும் அப்படித்தான்" என்ற சொல் எதிரிலிருப்பவரின் கதையை விழுங்கிவிடவும் கூடும். ஒத்த அனுபவம் தருவது வேறொன்று. விடை கிடைக்காத அதே வினாவுடன் இருபது ஆண்டு வாழ்ந்து, சிரித்து, நீந்தி, பல்கலைக்கழகமும் புகுந்த ஒருவர் பக்கத்துக் கட்டிலில் இருக்கின்றார். அவர் "எனக்கும் தெரியாது, நானும் கேட்டுக்கொண்டிருக்கின்றேன், நீ என்ன நினைக்கின்றாய்?" என்று கூறும்போது, வினாவைக் கேட்பது குற்றமன்று என்பதைப் பிள்ளை காண்கின்றது. வேறெவர் வாயிலிருந்து வந்தாலும் அச்சொற்களுக்கு அந்த நிறை இராது.

இவையெல்லாம் தொலைநாட்டுச் செய்திகள் என்று நாம் இருந்துவிட முடியாது. 1970களிலும் 1980களிலும் இத்தீவிலிருந்தும் பல்லாயிரம் குழந்தைகள் ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சுவிற்சர்லாந்துக்கு மட்டும் 1973 முதல் 1997 வரை 881 பேர் சென்றனர். கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்கள் தாயராக நடித்துக் குழந்தைகளைக் கையளித்தமையை நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று 2017இல் வெளிப்படுத்தியது. அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன முறைகேடுகள் நடந்தனவென்று அந்நிகழ்ச்சியில் ஏற்றுக்கொண்டார். 2021 பெப்ரவரியில் நெதர்லாந்து வெளிநாட்டு மகவேற்பை இடைநிறுத்தியபோது, ஆராயப்பட்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் மகவேற்பு என்பது உறவினர் சம்மதத்துடன், மஞ்சள் நீர் அருந்தி, ஊரறியச் செய்யப்படுவது. அதே தீவில், எவரும் அறியாவண்ணம் செய்யப்பட்ட மகவேற்புக்கள் இவை.

அக்குழந்தைகள் இன்று நடுவயதினராய்த் திரும்பி வருகின்றனர். கையில் பழைய பத்திரங்கள். நாவில் சிங்களமுமில்லை, தமிழுமில்லை. எனவே அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இக்கலைப்பீடத்தில் மொழிகள் பயிலும் எவரேனும் ஒருநாள் அவ்வேலைக்கு அழைக்கப்படலாம். கிழவி ஒருத்தி திண்ணையில் அமர்ந்து, "அப்போது எனக்கு வேறு வழி இருக்கவில்லை, பிறகு நான் அதைப்பற்றி நினைக்காமலிருக்கப் பழகிக்கொண்டேன்" என்கிறாள். எதிரில் நாற்பது ஆண்டு காத்திருந்த ஒருத்தி மொழிபெயர்ப்பாளரின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கின்றாள். "உன்னை ஒருநாளும் மறக்கவில்லை என்கிறார்" என்று சேர்த்துச் சொல்ல நாக்கு எழும். சேர்த்ததைக் கண்டுபிடிக்க அங்கே எவரும் இல்லை.