ஆயத்துறையும் அயல்நாட்டு மோட்டாரும்



செப்டம்பர் மாதம் 21-ந் தேதி அர்ச். மத்தேயு அப்போஸ்தலருடைய திருநாள். 2025-ம் ஆண்டில் அது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தபடியால் திருநாள் பூசையை விட்டு ஞாயிறு பூசையே நடந்தது. அன்று வாசிக்கப்பட்ட சுவிசேஷம் அர்ச். லூக்காஸ் எழுதின 16-ம் அதிகாரம். அநீத காரியஸ்தனுடைய உவமை. எஜமானுக்கு நூறு குடம் எண்ணெய் கடன்பட்டவனைக் கூப்பிட்டு, கடன் சீட்டில் ஐம்பது என்று மாற்றி எழுதச் சொல்லுகிறானே, அவனைப் பற்றியது. கோதுமைக்காரன் சீட்டில் நூறு எண்பதாகிறது. ஆயக்காரராயிருந்த அப்போஸ்தலருடைய நாளில் பொய்ச் சீட்டைப் பற்றின சுவிசேஷம் அமைந்தது ஒரு பொருத்தம்தான்.

இரண்டு நாள் சென்று, 23-ந் தேதி செவ்வாய்க்கிழமை, கொச்சி சுங்க இலாகாவார் கேரளத்தில் சுமார் முப்பது இடங்களில் ஒரே நாளில் சோதனை போட்டார்கள். அந்தச் சோதனைக்கு "நும்கோர்" என்று பெயர் வைத்தார்கள். பூட்டான் தேசத்துப் பாஷையில் அது வாகனத்தைக் குறிக்கும் சொல். அன்று மட்டும் 36 மோட்டார் வண்டிகள் கைப்பற்றப்பட்டன. இலாகாவார் சொன்ன விவரம் இது: அயல்நாட்டில் செய்த விலையுயர்ந்த பழைய வண்டிகள் பூட்டானிலிருந்து சுங்கத் தீர்வை கட்டாமல் எல்லை தாண்டி வந்தன. இராணுவம், தூதராலயம், வெளிநாட்டு மந்திரி இலாகா ஆகியவற்றின் பெயரால் பொய்ப் பத்திரங்கள் தயாராயின. எங்கோ வடக்கே இமாசலப் பிரதேசம் போன்ற மலைநாட்டில் வண்டிக்கு நம்பர் வாங்கி, பிறகு தெற்கே கொண்டுவந்து விற்றார்கள். இதை நடத்திய கூட்டத்தார் நம் கோயம்புத்தூரை இருப்பிடமாகக் கொண்டவர்கள் என்றும் இலாகாவார் சொன்னார்கள். வாங்கினவர்களில் பேர்பெற்ற நடிகர்களும் இருந்தபடியால் பத்திரிகைகள் அவர்கள் பின்னாலேயே ஓடின. வாங்கினவர் எல்லாரும் அறிந்தே வாங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. அது நீதிமன்றம் தீர்க்க வேண்டிய காரியம். நடிகரைப் பற்றிப் பேசுவது நமக்கு இனிப்பாயிருக்கிறது, அவ்வளவுதான். நம்முடைய கணக்கை யாரும் பத்திரிகையில் போடுவதில்லை.

இவ்வளவு சிரமப்பட்டு ஏமாற்றுவானேன் என்று கேட்பீர்கள். தீர்வை அவ்வளவு பெரிது. முழுவதும் அயல்நாட்டில் பூட்டி வருகிற உயர்ந்த வண்டிக்கு, 2021-ம் ஆண்டுக் கணக்குப்படி, எல்லா வரிகளும் சேர்ந்து விலையில் 200 சதத்துக்கு மேலாயிற்று. ஐம்பது லட்ச ரூபாய் வண்டிக்கு ஒரு கோடி சர்க்காருக்குப் போக வேண்டும். அந்த ஒரு கோடியை மிச்சம் பிடிக்க மனிதன் கண்டுபிடிக்காத வழியில்லை. தூதர்கள் தங்கள் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரும் சாமானுக்குத் தீர்வையில்லை என்பது 1961-ம் ஆண்டு வியன்னாவில் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை. நல்ல நோக்கத்தோடு ஏற்பட்ட சலுகை. 2021 ஜூலையில் பம்பாயில் அகப்பட்ட ஒரு கூட்டம் இந்தச் சலுகையைத்தான் விலைக்கு வாங்கிற்று என்று வருவாய்ப் புலனாய்வு இலாகா கூறியது. தூதர் பெயரில் இறங்கிய வண்டி தனவந்தர் வீட்டுக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்ததாம். இப்படி இருபதுக்கு மேற்பட்ட வண்டிகள். ஏய்த்த தீர்வை 25 கோடி ரூபாய்க்கு மேல்.

இன்னொரு வழி உண்டு. அது நம் ஊர்களுக்குக் கிட்டினது. அந்நிய தேசத்தில் இரண்டு வருஷமாவது தொடர்ந்து இருந்துவிட்டு நிரந்தரமாய்த் தாய்நாடு திரும்புகிறவன், தன் கைவசம் ஒரு வருஷமாவது இருந்த வண்டியைக் கொண்டுவரலாம் என்று சட்டம் இடங்கொடுக்கிறது. பழைய வண்டியானபடியால் மதிப்புக் குறைத்துத் தீர்வை போடுவார்கள். இரண்டு வருஷம் அதை விற்கக்கூடாது. வளைகுடா நாட்டில் வெயிலில் கம்பி கட்டுகிற பிள்ளைக்கு இப்படிப்பட்ட மோட்டார் ஏது? ஆனால் அவனிடம் பாஸ்போர்ட்டு இருக்கிறது. புத்தம் புது வண்டிக்குப் பழைய தேதி போட்டு, அவன் பெயரில் பத்திரம் எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு சிறு தொகையை அவன் சட்டைப் பையில் வைத்து அனுப்பிவிடுவார்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒரு நாள் காலைப் பூசை முடிந்து காப்பி குடிக்க உட்கார்ந்தபோது ஒரு தாய் வந்தாள். கையில் நீளமான ஒரு சர்க்கார் உறை. "சாமி, தம்பிக்கு வேலைக்கு உத்தரவு வந்திருக்குன்னு நினைக்கேன், வாசிச்சுச் சொல்லுங்க" என்றாள். இங்கிலீஷில் இருந்தது. அது சுங்க இலாகாவின் அழைப்பாணை. அவள் மகன் பெயரில் இறங்கிய ஒரு மோட்டாரைப் பற்றி விசாரிக்க அவன் நேரில் ஆஜராக வேண்டும் என்று கண்டிருந்தது. நான் வாசித்துச் சொல்லச் சொல்ல அவள் சிரித்தாள். "எங்க வீட்டுல சைக்கிளே போன வருசம்தான் சாமி வாங்கினோம்" என்றாள். சிரித்தவள் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். (பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, வீட்டுத் திண்ணையில், அவனே எழுதச் சொன்னபடியால் எழுதுகிறேன். பெயர் வேண்டாமென்று தாய் கேட்டுக்கொண்டாள்.) ஊர் திரும்புகிற சமயத்தில் ஒரு தரகன் நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்தான், தங்கச்சி கலியாணத்துக்கு உதவும் என்று எட்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேன், வண்டியை நான் கண்ணாலும் பார்க்கவில்லை, சாமி, என்றான். தரகனுடைய டெலிபோன் இப்போது எடுப்பாரில்லை. வண்டி யாரிடமோ ஓடுகிறது. பத்திரத்தில் இருக்கிற பெயர் இவனுடையது. பெருந்தொகை ஏய்த்தவனுக்கு ஏழாண்டு வரை சிறை என்று 1962-ம் ஆண்டுச் சுங்கச் சட்டம் சொல்லுகிறது.

அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "நான் யாருடைய காசையும் திருடலையே, சாமி?"

இந்தக் கேள்வியைப் படித்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். பழைய ஒழுக்க சாஸ்திரிகளில் சிலர், சுங்கச் சட்டம் வெறும் தண்டனைச் சட்டம் என்றார்கள். அகப்பட்டால் அபராதம் கட்ட மனதாயிருக்கிறவன் சட்டத்தை மீறினாலும் பாவமில்லை என்பது அவர்கள் கட்சி. குருமடத்தில் இதைப் படித்தபோது எங்களில் சிலருக்கு உள்ளூரச் சந்தோஷமாய்த்தான் இருந்தது. ஊருக்குப் போகையில் கொண்டுபோகிற சாமான்கள் நினைவுக்கு வந்தன. அந்தச் சாஸ்திரிகளை நான் பழிக்கவில்லை. அரசன் தன் ஆடம்பரத்துக்கும் சண்டைக்கும் ஏழையைப் பிழிந்த காலத்தில் ஏழையின் மனச்சாட்சிக்கு இளைப்பாற்றி தேடினார்கள். ஆனால் ஏழைக்காக வெட்டின வாசலில் இப்போது கோடீசுவரனுடைய மோட்டார் நுழைகிறது. 1965-ம் ஆண்டு டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபையைப் பற்றி எழுதின ஏட்டில், நியாயமான வரியைச் சூதினால் தப்பித்துக்கொள்ளுகிறவர்களைக் கண்டித்திருக்கிறது. 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேசம் வரி ஏய்ப்பையும் பொய்ப் பில் எழுதுவதையும் ஏழாங் கற்பனையின் கீழ் ஒரே பத்தியில் வைத்திருக்கிறது. களவின் கீழ் என்று அர்த்தம்.

வரி அநியாயம் என்று சிலர் சொல்லக்கூடும். அரிசிக்கும் மருந்துக்கும் 200 சதம் போட்டால் நானும் அப்படியே சொல்லுவேன். இல்லாமல் வாழக்கூடிய ஒரு சாமானுக்குப் போட்ட வரி இது. கட்ட மனமில்லாதவன் வாங்காதிருக்கலாம்.

நம் பங்கிலே துறைமுகத்திலும் சுங்க இலாகாவிலும் உத்தியோகம் பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தனியாய் ஒரு வார்த்தை. பொய்ச் சீட்டு தானாக வாசலைத் தாண்டாது. ஒருவன் எழுத வேண்டும், இன்னொருவன் பார்த்தும் பாராதிருக்க வேண்டும். 2013 மார்ச்சில் சென்னையில் சி.பி.ஐ. ஒரு வழக்குப் பதிந்தது. தீர்வை ஏய்த்து வந்த முப்பதுக்கும் மேற்பட்ட கார்களைத் தெரிந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்று புலனாய்வு உத்தியோகஸ்தர் ஒருவர் பேரிலேயே குற்றச்சாட்டு. அது நிஜமா பொய்யா என்பது என் வேலையல்ல. அப்படி ஒரு குற்றம் உண்டு என்பதை மாத்திரம் கவனியுங்கள்: ஒன்றும் செய்யாதிருந்த குற்றம். நம்முடைய பழைய நூல்கள் பிறர் பாவத்தில் பங்குபெறும் வழிகளை ஒன்பதாக எண்ணும்போது கடைசி மூன்றும் இவையே: வாய் திறவாதவன், தடுக்காதவன், அறிவிக்காதவன்.

ஆண்டவர் சுங்கக்காரரை வெறுத்தவரல்ல. கப்பர்நாவும் ஊர் ஏரோது அந்திப்பாவின் நாட்டுக்கும் அவன் சகோதரன் பிலிப்புவின் நாட்டுக்கும் எல்லையோரத்தில் இருந்தது. அதனால் அங்கே ஆயத்துறை. மத்தேயு அந்த மேசையை விட்டெழுந்து போனார். எல்லாரும் எழுந்து போக வேண்டும் என்றில்லை. ஸ்நாபக அருளப்பர் யோர்தான் கரையில் தம்மிடம் வந்த ஆயக்காரரை உத்தியோகத்தை விடச் சொல்லவில்லை; விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்ற கருத்தில் புத்தி சொல்லி அனுப்பினார். அந்தக் காலத்தில் அதிகம் வாங்குவதே திருட்டு. இந்தக் காலத்தில் குறைத்து வாங்கி, குறைத்ததில் பங்கு வாங்குவது திருட்டு. நேர்மையாய் இருந்து இடம் மாற்றப்பட்டவர்களும் உங்களில் உண்டு என்று நான் அறிவேன். பிள்ளைகள் படிப்புக் கெட்டு, வாடகை வீடு தேடி அலைந்ததும் எனக்குத் தெரியும்.

எரிக்கோ பட்டணத்துச் சக்கேயுவின் காரியம் வேறு. அவன் ஆயக்காரருக்குத் தலைவன். மோயீசன் பிரமாணப்படி, தானாக ஒப்புக்கொண்டவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும். ஆட்டைத் திருடி விற்று அகப்பட்டவன்தான் ஒன்றுக்கு நான்கு கொடுக்க வேண்டும். சக்கேயுவை யாரும் பிடிக்கவில்லை. ஆனாலும் நான்கத்தனை கொடுக்கிறேன் என்று அகப்பட்ட கள்ளனுடைய தண்டனையைத் தன்மேல் தானே போட்டுக்கொண்டான்.

திரும்பக் கொடுப்பதில் யார் முந்தி என்பதற்கும் ஒழுக்க சாஸ்திரத்தில் முறை உண்டு. பொருளைக் கைவசம் வைத்திருப்பவன் முதலாவது, செய்யச் சொன்னவன் இரண்டாவது, செய்தவன் அதற்குப் பிறகு, உடந்தையானவர்கள் அப்புறம். அந்தப் பிள்ளைக்கு இதைச் சொன்னேன். நாற்பதாயிரம் அவனுடையதல்ல, மீதிக் கோடிக்கு முதற்கடனாளி வண்டியில் உட்கார்ந்திருப்பவன். ஆனால் உண்மையைச் சொல்லாமல் ஒளிந்தால் அந்தப் பாரமும் இவன்மேல் வந்து விழும்.

பிலிப்பைன்ஸ் தேசத்தில் 2018 பிப்ரவரியில், கள்ளத்தனமாய் வந்த வண்டிகளை மணிலாத் துறைமுகத்தில் வரிசையாய் நிறுத்தி, சனாதிபதி பார்த்துக்கொண்டிருக்க, புல்டோசரை ஏற்றி நசுக்கினார்கள். ஜூலையில் ககயான் மாகாணத்தில் 68 கார்களும் எட்டு மோட்டார் சைக்கிள்களும் அப்படியே நசுங்கின. ஏலம் போட்டால் கள்ளனே ஆள் வைத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளுகிறான் என்பது அவர்கள் சொன்ன காரணம். விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று எனக்கும் தோன்றிற்று. பெத்தானியாவில் அந்தக் கேள்வியைக் கேட்டவன் யார் என்று நினைத்தவுடன் வாயை மூடிக்கொண்டேன். இருந்தாலும் இரும்பை நசுக்கினால் இச்சை நசுங்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இனி என்னுடைய காரியம். அந்தப் பிள்ளையிடம் நான் பேசினதெல்லாம் சரி. பேசி முடித்த இராத்திரி எனக்கு நித்திரை வரவில்லை. பல வருஷங்களுக்கு முன், வேறொரு பங்கில் நான் இருந்தபோது, அந்நிய தேசத்திலிருக்கும் ஒரு புண்ணியவான் மரத்தில் கொத்தின தேவமாதா சுரூபம் ஒன்றை வாங்கி அனுப்பினார். விலை மூவாயிரத்துச் சொச்சம் யூரோ. துறைமுகத்து ஏஜெண்டு அறுநூறு என்று ஒரு பில் தயார் செய்து வைத்திருந்தார். "கோயில் சாமானுக்கு யார் சாமி கணக்குப் பார்க்கப் போறா?" என்றார். சர்வேசுரனுடைய காரியம்தானே என்று நானும் கையெழுத்துப் போட்டேன். திருநாளன்று அந்தச் சுரூபத்தைத் தேரில் ஏற்றி, முன்னால் நடந்து, செபமாலை சொன்னேன். பத்து வருஷம் அது என் மனதில் உறுத்தவேயில்லை. நாற்பதாயிரத்துக்குக் கையெழுத்துப் போட்ட பிள்ளை என் திண்ணையில் அழுதபோதுதான் உறுத்திற்று. அவனுக்காவது தங்கச்சி கலியாணம் இருந்தது.

அதே ஏஜெண்டைத் தேடிப் போனேன். அவருக்கு வயதாகிவிட்டது. விஷயத்தைச் சொன்னதும், கட்டாத தீர்வையைக் கட்டுகிறேன் என்று இந்த வாசலில் இதுவரை யாரும் வந்ததில்லை, சாமி என்றார். ஆபீசில் இருந்த குமாஸ்தா எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று தெரியாமல் மூன்று மேசைக்கு என்னை அனுப்பினார். நாலாம் மேசையில் இருந்த ஒரு பெண் உத்தியோகஸ்தர் கணக்குப் போட்டு, வட்டியும் சேர்த்து, செலான் எழுதிக் கொடுத்தார். தொகையை என் கைப்பணத்திலிருந்து கட்டினேன். கோயில் பணம் ஒரு காசும் அதில் இல்லை. இரசீதின் நகலை அந்தப் பங்கின் இப்போதைய சுவாமியாருக்கு அனுப்பியிருக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்களுக்காக இன்னொரு நகல் நம் சக்ரீஸ்தில் இருக்கிறது.

அந்தப் பிள்ளை ஒரு வக்கீலோடு போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டான். வருகிற புதன்கிழமை மறுபடியும் விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். அன்று காலை ஆறு மணிப் பூசை அவன் கருத்துக்காக ஒப்புக்கொடுக்கப்படும். வெளிநாட்டிலிருந்து திரும்பினவர்கள் யாராவது இப்படிப்பட்ட பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், அழைப்பாணை வருமட்டும் காத்திராமல், சனிக்கிழமை சாயந்திரம் அறைவீட்டுக்கு வாருங்கள். அந்த வக்கீலும் அங்கே இருப்பார். அவர் பீஸ் கேட்கவில்லை.

உங்கள் பங்கு சுவாமியார்