பாடி முடித்த பின்

பாசுரத்தைப் பண்ணோடு கேட்கையில் கண்ணீர் பெருகுகிறது. ஸந்நிதியை விட்டு வெளியே வந்ததும் பழைய சினமும் பழைய அச்சமும் திரும்பிவிடுகின்றன. அங்ஙனமாயின், இசை மனத்தைப் பக்குவப்படுத்துகிறதா, அன்றிச் சற்று நேரம் உருக்கி விட்டுவிடுகிறதா? அருளிச்செயலை நாதமுனிகள் தம் மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் இசையோடு பயிற்றுவித்தார். அம்மரபில் வந்த நாம் இவ்வினாவைத் தள்ளிவிட இயலாது.

இதற்கு விடை ஸ்ரீவராஹ புராணத்தின் கைசிக மாஹாத்ம்யத்தில் உள்ளது. திருக்குறுங்குடி எம்பெருமானைக் கடையாமத்தில் பாடித் திருப்பள்ளியுணர்த்துவதை நோன்பாகக் கொண்டவர் நம்பாடுவான். கார்த்திகை சுக்லபக்ஷ ஏகாதசியன்று ஒரு ப்ரஹ்மரக்ஷஸ் அவரை வழிமறித்தது. பாடிவிட்டு வர அவகாசம் மட்டுமே வேண்டினார். மீண்டு வருவதாக 18 சபதங்களும் செய்தார்.

பாடினார், பாடிய பின் விரைந்து திரும்பினார். உயிரைக் காக்கப் பொய் கூறலாம் என்று இடைவழியில் முதியவர் வடிவில் வந்த எம்பெருமானே சோதித்தும் அவர் தடுமாறவில்லை. உடலின்மீது பற்று எவர்க்கும் உண்டு. நாள்தோறும் பாடிய பாட்டு அப்பற்றை அதற்குரிய இடத்தில் நிறுத்திவிட்டது.

ரக்ஷஸ்ஸோ இப்போது அவரை உண்ண விரும்பவில்லை; பாட்டின் பலனைக் கேட்டது. நம்பாடுவான் மறுத்தார். அது தன் பழம்பிறப்பைச் சொல்லித் திருவடியில் விழுந்து, ஒரு பாட்டின் பலனையாவது தருமாறு இரந்தபோது, கைசிகப் பண்ணில் பாடியதன் பலனைத் தந்தருளினார். அச்சத்துக்கு இளகாத நெஞ்சம் அடைக்கலம் என்ற சொல்லுக்கு இளகியது. எதற்கு உறுதியாக நிற்பது, எதற்கு உருகுவது என்று அறிவதே மனப்பக்குவம்.

இசைப்பயிற்சியும் இதையே கற்பிக்கிறது. சுருதி நிலைத்து நிற்க வேண்டும்; அதன்மேல் ராகம் நெகிழ்ந்து அசைய வேண்டும். ஆயினும் பயிற்சி மட்டுமே போதாது. பாடகன் தன் புகழை நோக்கிப் பாடினால் அதே இசை செருக்கையும் வளர்க்கக்கூடும். நம்பாடுவானின் பாட்டுக்குக் கேட்பவன் எம்பெருமான் ஒருவனே. அதனால் அது அவரை நிமிர்த்தியது.

பராசர பட்டர் உவந்து வ்யாக்யானம் அருளிய சரித்திரம் இது. நம் இல்லத்துக் குழந்தைகளுக்குப் பாசுரமும் பண்ணும் கற்பிக்கையில், குரலினிமையோடு மற்றொன்றையும் கவனிப்போம்: பாடி முடித்த பின் அக்குழந்தை சொன்ன சொல்லைக் காக்கிறதா, அழுபவர் அருகில் சென்று அமர்கிறதா? நமக்கும் அளவுகோல் அதுவே.