கடந்த வழியும் காக்கும் நெறியும்

இல்லறத்தாருக்கென நம் ஆச்சாரியர்கள் வகுத்தளித்த விரதங்களுள் திக்விரதமும் ஒன்றாகும். ஆறு, மலை, கடல் போன்ற யாவரும் அறிந்த இடங்களை எல்லையாகக் கொண்டு, ஒவ்வொரு திசையிலும் இவ்வளவு தூரமே செல்வேன் என வாழ்நாள் முழுமைக்கும் வரையறுத்துக் கொள்வதே அவ்விரதம். அதற்குரிய அதிசாரங்கள் ஐந்து. மேலும் கீழும் குறுக்கும் எல்லை கடத்தல் மூன்று. எல்லையை விரித்துக் கொள்ளல் நான்காவது. வகுத்த எல்லையை மறந்துவிடல் ஐந்தாவது. மறதியையும் குற்றமாகவே எண்ணினர் என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது.

இன்று நாம் வீட்டில் அமர்ந்தபடியே இணையத்தில் நெடுந்தூரம் சென்று வருகிறோம். சதுர்த்தசி என்று வருகிறது எனப் பார்க்கத் தொடங்கியவர், ஒரு மணி நேரம் கழித்து முன்பின் அறியாத ஒருவரின் திருமண ஆடம்பரத்தைப் பார்த்துக் கொண்டிருப்பார். எவ்வழியே அங்கு வந்தீர் என்று கேட்டால் அவருக்கே விடை தெரியாது. ஐந்தாம் அதிசாரத்தின் சாயல் இதுவன்றோ?

இவ்வாறு சென்ற வழியைப் படமாக வரைந்து காட்டும் வலைச் செயலியை உருவாக்குதல் கடினமன்று. பார்த்த பக்கத்தின் முகவரி, பார்த்த நேரம், எப்பக்கத்திலிருந்து அங்கு வந்தோம் என்னும் மூன்றையும் குறித்து வைத்தால், வழி முழுவதும் மரத்தின் கிளைகளைப் போல விரிந்து தெரியும். அப்படத்தைப் பிறருக்கு அனுப்பவும் இயலும்.

இவ்வெண்ணம் புதியதன்று. அமெரிக்க விஞ்ஞானி வானெவர் புஷ், 1945 ஜூலையில் 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் எழுதிய கட்டுரையில் 'மீமெக்ஸ்' என்னும் கற்பனைக் கருவியை விவரித்தார். ஒருவர் நூல்களினூடே சென்ற தடத்தை அது காத்து வைக்கும். துருக்கியரின் வில்லைப் பற்றி ஆராய்ந்த ஒருவர், சில ஆண்டுகளுக்குப் பின் அத்தடத்தைப் படியெடுத்து நண்பருக்கு அளிப்பதாக அவர் எழுதினார். தாம் அறிந்து கொண்டதைத் தாமே தேர்ந்து, வேண்டியவருக்கு வழங்குவது ஞானதானமே. அதில் குற்றமில்லை.

ஆயின் மற்றொரு நிகழ்ச்சியையும் எண்ண வேண்டும். 2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்னும் அமெரிக்க நிறுவனம், சுமார் 6,50,000 பேர் மூன்று மாதங்களில் தேடிய சொற்களை ஆராய்ச்சியாளருக்காக வெளியிட்டது. பெயர்களை நீக்கி, எண்களை மட்டுமே இட்டிருந்தது. எனினும் சில நாட்களுக்குள்ளேயே, ஓர் எண்ணுக்குரியவர் இன்னார் என்று செய்தித்தாள் ஒன்று கண்டுபிடித்துவிட்டது. அவர் பல நோய்களைப் பற்றித் தேடியிருந்தார். பட்டியலைப் பார்ப்பவர் அவை அவருடைய நோய்கள் என்றே எண்ணுவர். உண்மையில் அவர் தம் நண்பர்களுக்கு உதவவே தேடினார். தடம் காலடியைக் காட்டும், பாவனையைக் காட்டாது. வினையின் கனமோ பாவனையில் அன்றோ உள்ளது?

சத்திய அணுவிரதத்தின் அதிசாரங்களுள், மறைவில் நிகழ்ந்ததைப் பலரறியச் செய்தலையும் ஒன்றாக உமாசுவாமி ஆச்சாரியர் சேர்த்துள்ளார். உண்மையையே கூறினாலும் அது குற்றமாகலாம் என்பது இதனால் விளங்கும். செய்த பிழைகளைத் திரும்பிப் பார்த்து வருந்துவது பிரதிக்கிரமணம். அவற்றைக் குருவிடம் உரைப்பது ஆலோசனை. கேட்டதை வெளிவிடாமை, அவ்வாறு கேட்கும் ஆச்சாரியருக்குரிய குணங்களுள் ஒன்று. நம் வழிகளையெல்லாம் அறிந்து வைக்கும் செயலிக்கும் அக்குணம் வேண்டாமா?

செயலியை அமைப்பவர், "நான் கருவியைத்தான் செய்தேன், பகிர்ந்தவர் அவரே" என்று தப்பிவிட இயலாது. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வாருக்கு உடன்படல் என வினை வரும் வாயில் மூன்றென நம் ஆகமம் கூறும். தொடக்கத்திலேயே எல்லாம் பகிரப்படுமாறு அமைப்பது செய்வித்தலே. ஆதலின் வழிப்படம் உரியவரின் கணினியிலேயே தங்க வேண்டும். அவர் தாமே தேர்ந்த பகுதி மட்டுமே பிறரிடம் செல்ல வேண்டும். வேண்டாதபோது முற்றும் அழிக்கவும் இயல வேண்டும்.

அத்தகைய படம் இல்லறத்தாருக்கு நல்ல துணையாகும். மாலையில் சாமாயிகத்தில் அமருமுன் அதனை ஒருமுறை நோக்கினால், எங்கு எல்லை மறந்தோம் என்பது புலனாகும். மறுநாளைக்கு, இந்நேரம் வரை இவற்றை மட்டுமே பார்ப்பேன் என்று தேசாவகாசிகம் போல வரையறுத்துக் கொள்ளலாம். நம் பிள்ளைகள் பலர் இன்று கணினித் துறையில் பணிபுரிகின்றனர். கருவியை வகுக்கும்போதே விரதத்தையும் நினைவிற் கொள்வார்களாயின், அதுவே அவர்கள் தொழிலில் ஆற்றும் அறமாகும்.