மரம் தழைக்க மான் மடியலாமா?

ஓருயிரைக் காக்க மற்றோருயிரைக் கொல்லலாமா என்னும் வினா புதியதன்று. பசுவையும் பசித்த புலியையும் எதிரெதிரே நிறுத்தி நம்மை மடக்கப் பார்ப்போர் எக்காலத்தும் உண்டு. அவர்களுக்கு விடை கூறி நாம் பழகியும் இருக்கிறோம். ஆயினும் முன்னாளில் நம்மிடம் பயின்று இப்போது ஸ்காட்லாந்தில் வாழும் மாணவி ஒருத்தி அண்மையில் எழுதிய மடல், பழகிய விடைகளுள் அடங்காத வடிவில் அவ்வினாவை நம்முன் வைத்தது. ஒரு மலையின் படங்கள் சிலவற்றை அனுப்பி, "இங்கே காடு தழைப்பதற்காக மான்களைச் சுடுகிறார்கள். காட்டைக் கண்டு மகிழ்ந்தேன். மகிழ்ந்தது பிழையா, டீச்சர்?" என்று கேட்டிருந்தாள்.

அம்மலையின் பெயர் கிரெக் மெகி. ஸ்காட்லாந்தின் ஹைலண்ட் பகுதியில், லாகன் ஏரியின் வடகரையில் ஏறத்தாழ 1,130 மீட்டர் உயர்ந்து நிற்பது. நம் நாட்டு மலைகளை நோக்க இது பெரிதன்று. எனினும் அத்துணை வடக்கே இருப்பதால் உச்சியில் பனி நெடுநாள் தங்கும். பண்டைப் பனியாறு குடைந்தெடுத்த பெருங்குழிவு ஒன்று அதன் பக்கத்தில் உண்டு. கோரி ஆர்டர் என்பர். செங்குத்தான பாறைச்சுவரும் அதன் அடியில் சிறிய ஏரியும் படத்தில் தெரிகின்றன. உச்சியோ பாசியும் குறும்புல்லும் படர்ந்த வெற்றுவெளி. அங்கே டாட்டரல் என்னும் சிறுபறவை கோடையில் தரையிலேயே முட்டையிடும். டார்மிகன் என்னும் கோழியினமும் மலைமுயலும் குளிர்காலத்தில் வெண்ணிறம் பூண்டு பனியோடு பனியாய் மறையும்.

பாறைச்சுவரின் ஓரத்தில் ஒரு பிளவு இருக்கிறது. அதனைச் சாளரம் என்றே அழைக்கின்றனர். 1746ஆம் ஆண்டு கலோடன் போரில் தோற்ற இளவரசர் சார்லஸ் எட்வர்டு ஸ்டூவர்ட், ஒளிந்து திரிந்த நாட்களில் அவ்வழியே சென்றார் என்பது மரபுச் செய்தி. அவரைப் பிடிக்க அரசு அறிவித்த பரிசு 30,000 பவுன். வறுமையில் உழன்ற அம்மலைநாட்டு மக்களுள் எவரும் அவரைக் காட்டிக் கொடுத்து அப்பொருளைப் பெறவில்லை. பல மாதங்கள் மறைந்திருந்து அவர் கப்பலேறித் தப்பினார். இது நம் வினாவுக்குப் புறம்பான செய்திதான். ஆயினும் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

இனி மானுக்கு வருவோம். அங்குள்ளது செம்மான் இனம். அதனை உண்டு வாழ்ந்த ஓநாய் ஸ்காட்லாந்தில் அறவே அழிக்கப்பட்டுவிட்டது. 1680இல் கடைசி ஓநாய் கொல்லப்பட்டதாக ஒரு மரபு உண்டு. பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான் வேட்டை செல்வர்களின் பொழுதுபோக்காயிற்று. லாகன் ஏரியின் மறுகரையில் உள்ள ஆர்ட்வெரிகியில் விக்டோரியா அரசியார் 1847இல் தங்கியிருந்தார். லேண்ட்சியர் என்னும் ஓவியர் அம்மாளிகைச் சுவர்களில் மான்களைத் தீட்டியிருந்தார். 1873இல் நேர்ந்த தீயில் அவை அழிந்தன. வேட்டையாடுவோர்க்கு மான் மிகுதியாக வேண்டும். ஆகவே மிகுதியாக இருக்குமாறு பார்த்துக்கொண்டனர். மானைப் பெருக்கியவர் மானிடத்து அன்புடையோர் அல்லர் என்பதை நாம் மறத்தலாகாது.

மானும் ஆடும் மேய்ந்ததனால் மலைச்சாரலில் முளைத்த கன்றுகள் யாவும் ஆண்டுதோறும் கடிக்கப்பட்டன. முதிய பிர்ச் மரங்கள் நின்றன. அவற்றிற்குப் பின் வருவன இல்லை. (இமயத்தில் வளர்ந்து, பட்டையில் சுவடி எழுத உதவிய பூர்ஜ மரத்தின் உறவுதான் இது.) 1980களின் முற்பகுதியில் ஒரு காட்டுத்தொழில் நிறுவனம் அந்நிலத்தை வாங்கி, அமெரிக்கக் கண்டத்து மரமாகிய சிட்கா ஸ்புரூசை நெருக்கமாக நட முற்பட்டது. எதிர்ப்பு எழவே, இயற்கைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பு 1985இல் மலையை விலைக்கு வாங்கியது. 1986இல் அது தேசிய இயற்கைக் காப்பிடம் ஆயிற்று. பரப்பு ஏறத்தாழ 4,000 ஹெக்டேர். டிக் பால்ஹாரி முதலானோர் வேலியிடாமலே காட்டை மீட்க முனைந்தனர். ஆடுகளை அகற்றினர். மான்களுள் சிலவற்றை உயிருடன் பிடித்து அப்புறப்படுத்தினர். எஞ்சியவற்றுள் பலவற்றைச் சுட்டுக் குறைத்தனர். பிர்ச்சும் ரோவனும் வில்லோவும் விதைப்பார் இன்றித் தாமே எழுந்தன. மாணவி நடந்து சென்ற பாதையின் இருமருங்கும் அவையே.

வகுப்பறையில் நாம் எத்தனை முறை எழுதியிருப்போம்! புல்லை மான் தின்னும், மானைப் புலி தின்னும் என்று கரும்பலகையில் அம்புக்குறி இட்டோம். கடைசி அம்பை மனிதன் அழித்துவிட்டால் அவ்விடத்தில் யார் நிற்பது என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. நாமும் கேட்டுக்கொண்டதில்லை.

இல்லறத்தார்க்கு ஹிம்சை நான்கு வகையாகச் சொல்லப்படும். சமையல் முதலிய வீட்டு வினைகளில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்தியோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. கொல்ல வேண்டும் என்றே கருதிக் கொல்வது சங்கல்பி. முதல் மூன்றையும் இல்லறத்தார் முற்றும் விலக்க இயலாது; நான்காவதை விலக்கியே ஆகவேண்டும். மானைச் சுடுவது இவற்றுள் எது? காட்டைக் காக்கும் தற்காப்பு என்று சிலர் வாதிடலாம். ஆனால் மான் பகையன்று. பசித்துத் தழை மேய்வது படையெடுப்பு ஆகாது. குறிபார்த்துச் சுடுவது சங்கல்பியே. மேலும், மரம் ஓரறிவுயிர். மானோ மனத்தோடு கூடிய ஐம்பொறி உயிர். பெண்மான்களைச் சுடும் காலம் அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை. தாயோடு குட்டி நின்றால், தாயற்றுப் பட்டினியால் சாகாதிருக்கக் குட்டியையும் சுட்டுவிடுவதே முறை என்கின்றனர். இதனைப் படித்தபின் அன்று வேறெதையும் நாம் படிக்கவில்லை.

காடு வளர்ந்தால் பறவையும் பூச்சியுமாக எண்ணற்ற உயிர் பிழைக்குமே என்பார்க்கு நாம் சொல்வது இதுதான்: ஒவ்வோருயிரும் தனித்தனி ஆன்மா. வரவு இத்தனை, செலவு இத்தனை என்று கடைக்கணக்குப் போல உயிர்களைக் கூட்டிக் கழித்தல் நம் அறத்தில் இல்லை.

இவ்வளவும் எழுதியபின் விடை முடிந்ததாகத் தோன்றியது. ஆனால் முடியவில்லை. சுடாமல் விட்டால் என்ன ஆகும்? கடுங்குளிரின் இறுதியில் மேய்ச்சலின்றி மான்கள் மெலிந்து சாவது அந்நாட்டில் கண்கூடு. வேலியிட்டால் வெளியே நிற்கும் மானுக்கு நிலம் குறைகிறது. காட்டுக்கோழிகள் பறக்கையில் வேலிக்கம்பியில் மோதி மடிகின்றன. ஓநாயையே திரும்பக் கொண்டுவரலாம் என்று வேறு சிலர் கூறுகின்றனர். ஓநாய்க்கு அது இயல்பு, அதற்குப் பழியில்லை. ஆயினும் மானைக் குறைப்பதற்கென்றே அதனைக் கொண்டுவந்து விடுவோர்க்கு? செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றினாலும் வினை ஒட்டும் என்பதை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வருகிறோம். துப்பாக்கியை ஓநாயின் வாயாக மாற்றியதனால் கை தூய்மை ஆகிவிடாது.

அந்த மூன்றாவது சொல்தான் நம்மைத் தைத்தது. சுட்டவர் செய்தார், அரசு செய்வித்தது. பசுமை கண்டு மகிழ்ந்த மாணவி? அவள் அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்திருந்த நாம்?

உயிருடன் பிடிக்கும் வழியை, எத்துணைப் பொருட்செலவு ஆயினும், இன்னும் நெடுங்காலம் விடாது முயன்றிருக்க வேண்டும் என்பது நம் கருத்து. பிடித்தவற்றை எங்கே விடுவது என்றால் நம்மிடம் செம்மையான விடை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அங்குள்ளோரை இகழவும் நமக்கு மனமில்லை. முன்னோர் ஓநாயைக் கொன்றதும் செல்வர் மானைப் பெருக்கியதும் சேர்ந்து விட்டுச்சென்ற கடன் அவர்கள் தலையில் விழுந்திருக்கிறது.

மாணவிக்குப் பத்து நாள் கழித்தே மறுமொழி எழுதினோம். மகிழ்ந்தது இயல்பு என்றும், மான்கொலைக்கு நம்மால் உடன்பட இயலாது என்றும், அடுத்த முறை அங்கே செல்லுங்கால் பணியாளர் எவரையேனும் கண்டால் அவ்வாண்டு எத்தனை மான் மடிந்தன என்று கேட்டு எழுதுமாறும் குறித்தோம். மரங்கள் அழகாக இருக்கின்றன என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தோம். உறையை ஒட்டுமுன் அதனை அடித்தோம். பிறகு, அதுவும் பொய்யாகுமே என்று மீண்டும் எழுதினோம்.